ஒரே ஒரு ஜீனைக் கையில் எடுங்கள்: பயோஇன்ஃபர்மேடிக்ஸில் உங்களுக்கான பிரிவைக் கண்டுபிடிக்கும் வழி

உயிரியல் டேட்டாவைக் கணினியால் அலசும் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் பக்கம் புதிதாக வருகிறவர்களிடம் எந்தப் பிரிவில் ஆர்வம் என்று கேட்டால் சட்டென்று ஒரு பெயர் வரும். ஜெனோமிக்ஸ், டிரக் டிசைன், இப்போதானால் ஏஐ. சரி, அந்தப் பிரிவில் இருக்கிறவர் காலையில் கணினியைத் திறந்ததும் என்ன செய்வார் என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் மேல் தப்பில்லை. பாடத்திட்டம் ஒவ்வொரு பிரிவையும் ஒரு வரையறையாகத்தான் அறிமுகப்படுத்துகிறது. வரையறையைப் படித்துவிட்டு ஆராய்ச்சிப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது, ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கல்யாணத்துக்குத் தலையாட்டுவது மாதிரி.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு ஜீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவின் கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்வியில் நேரம் போவது தெரியவில்லையோ, அங்கே கொஞ்ச நாள் தங்கிப் பாருங்கள். ஒரு லேப்டாப்பும் இணையமும் போதும்; கீழே வரும் டேட்டாபேஸ்களையும் கருவிகளையும் மாணவர்கள் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஹெச்பிபி. ஹீமோகுளோபினில் இருக்கும் பீட்டா சங்கிலியை உருவாக்கும் ஜீன். இதில் குறிப்பிட்ட ஒரே ஒரு எழுத்து மாறினால் அரிவாள் செல் ரத்தசோகை, அதாவது சிக்கிள் செல் நோயைத் தரும் வடிவமாக இந்த ஜீன் மாறிவிடுகிறது. சின்ன ஜீன், அறுபது எழுபது வருடமாக அலசப்பட்ட ஜீன். உங்களுக்கு வேறு ஜீன் பிடித்திருந்தால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் தடவைக்கு விடை தெரிந்த ஜீன் நல்லது. நீங்கள் செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும்.

முதல் படி: ஜீனை நேரில் பாருங்கள்

அமெரிக்காவின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐ தளத்துக்குப் போய் ஜீன் பகுதியில் ஹெச்பிபி என்று தேடி, மனிதனுக்கான பதிவைத் திறங்கள். பதினோராவது குரோமோசோம். புரதத்துக்கான குறியீட்டுப் பகுதி இப்படித் தொடங்கும்: ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி சிசிடி ஜிஏஜி ஜிஏஜி ஏஏஜி. ஒவ்வொரு மூன்று எழுத்தும் புரதத்தின் ஓர் அமினோ அமிலத்துக்கான குறியீடு. இதில் முதலில் வரும் ஜிஏஜி, ஜிடிஜி ஆக மாறுவதுதான் சிக்கிள் செல் மாற்றம். குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1950களின் பிற்பகுதியில் வெர்னான் இங்கிராம் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி இதைக் கண்டுபிடித்தார். நீங்கள் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இப்போது நிதானமாக எண்ணுங்கள். மாறியது எத்தனையாவது அமினோ அமிலம்? மருத்துவப் புத்தகங்கள் ஆறாவது என்று சொல்லும். நீங்கள் எண்ணினால் ஏழாவது வரும். இரண்டும் சரி. ஏடிஜி கொண்டுவரும் முதல் மெத்தியோனினைச் செல் பிறகு வெட்டிவிடுகிறது. முதிர்ந்த புரதத்தை வைத்து எண்ணினவர்கள் ஆறு என்றார்கள். இன்றைய பெயரிடும் விதி மெத்தியோனினையும் சேர்த்து ஏழு என்கிறது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. மாற்றம் ஏ-யிலிருந்து டி-க்கு. ஆனால் இதே மாற்றத்தை ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ வரிசை, இருக்கும் கோப்பில் தேடினால் டி-யிலிருந்து ஏ-க்கு என்று எழுதியிருக்கும். டிஎன்ஏ இரட்டை இழை, ஒன்றில் ஏ இருக்கும் இடத்தில் மற்றதில் டி இருக்கும். கோப்பு ஓர் இழையை மட்டும் எழுதுகிறது; ஹெச்பிபி ஜீன் எதிர் இழையில் இருப்பதால் வரும் விஷயம் இது. இடத்தின் எண்ணும் அப்படித்தான்: மனித ஜீனோமின் 38ஆம் பதிப்பில் 5227002, பழைய 37ஆம் பதிப்பில் 5248232. பதிப்பைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் வேறு எங்கோ போய் நிற்பீர்கள். கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கும் கோப்பு வகைகளும் உண்டு, பூஜ்யத்திலிருந்து தொடங்குபவையும் உண்டு. இந்தத் துறையில் நேரம் வீணாவது பெரிய அல்காரிதம்களால் அல்ல, பெரும்பாலும் இந்த மாதிரிச் சில்லறைகளால்தான்.

இந்தச் சில்லறைகள் உங்களுக்கு எரிச்சலாக இல்லாமல் சுவாரசியமாக இருந்தால், முதல் பிரிவு இங்கேயே கிடைத்துவிட்டது: உயிரியல் டேட்டாபேஸ்கள், டேட்டா தொகுப்பு, பெயரிடும் தரநிலைகள். யாரும் கனவு காணாத பிரிவு, ஆனால் மற்ற எல்லாரும் இதன்மேல்தான் நிற்கிறார்கள். 1965இல் மார்கரெட் டேஹாஃப் அதுவரை வரிசை தெரிந்த 65 புரதங்களைத் தொகுத்து அச்சிட்டதுதான் இந்த வேலையின் தொடக்கம். அமினோ அமிலங்களுக்கு ஓரெழுத்துக் குறியீடு கொண்டுவந்தவரும் அவரே. புரதங்களுக்கான டேட்டாபேஸான யூனிப்ராட்டில் பீட்டா குளோபினின் (ஹெச்பிபி உருவாக்கும் புரதம்) பதிவைத் திறந்தால் 147 அமினோ அமிலங்களுக்கும் கீழே நீளமாகக் குறிப்புகள் போகும். ஆய்வுக்கட்டுரைகளை உட்கார்ந்து வாசித்துச் சரிபார்த்த ஆட்களின் உழைப்பு அது.

எக்செல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் ஜீன்கள் இருந்தன. எக்செலில் திறந்தால் அவை மார்ச் முதல் தேதி, செப்டம்பர் இரண்டாம் தேதி என்று தானாக மாறிவிடும். ஜீன் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டது. ஒரு மென்பொருளின் பிடிவாதத்துக்கு உயிரியல் வளைந்து கொடுத்த கதை. நீங்கள் ஜீன் பட்டியலை எக்செலில் திறக்காமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சொந்தக்காரர்களைத் தேடுங்கள்

பீட்டா குளோபினின் புரத வரிசையை நகலெடுத்து, அதே என்சிபிஐ தளத்தில் இருக்கும் பிளாஸ்ட் என்ற, ஒத்த வரிசைகளைத் தேடும் கருவியில் போடுங்கள். சில நொடிகளில் பட்டியல் வரும். சிம்பன்சியின் வரிசை நம்முடையதே, ஒரு எழுத்து வித்தியாசமில்லை. கொரில்லாவில் ஒன்றே ஒன்று. நம் உடம்பிலேயே ஹீமோகுளோபினின் வேறு சங்கிலியாக இருக்கும் டெல்டா குளோபினோடு 10 இடங்களில் வேறுபாடு. இன்னொரு சங்கிலியான ஆல்ஃபா குளோபினோடு ஒப்பிட்டால் ஒற்றுமை நூற்றுக்கு நாற்பதைக் கொஞ்சம் தாண்டும்.

பட்டியலின் மேல் பகுதியைப் பார்த்துச் சந்தோஷப்படுவது எளிது. கீழே போகப் போகத்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது. உளுந்து, நிலக்கடலைச் செடிகளை வேரோடு பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்திருந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறத்துக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின், நம் ஹீமோகுளோபினுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் மனித வரிசையை வைத்துச் சாதாரணமாகத் தேடினால் அது எளிதில் சிக்காது. எழுத்துகள் அவ்வளவு மாறிவிட்டன. முப்பரிமாண வடிவத்தைப் பார்த்தால் ஒரே குடும்பம் என்று தெரியும். எழுத்து அழிந்தபிறகும் உறவைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது வரிசை ஒப்பீட்டுப் பிரிவின் பழைய கேள்வி. இன்று புரத வரிசைகளையே மொழிபோலப் படிக்கும் ஏஐ மாதிரிகள் வரை அது வந்து நிற்கிறது.

இந்தப் பிரிவு பிடிக்குமா என்று சோதிக்க ஒரு சின்ன வேலை. பீட்டா, டெல்டா இரண்டின் முதல் பன்னிரண்டு பதிமூன்று எழுத்துகளை எடுத்து, கட்டம் போட்ட தாளில் ஒன்றை மேலேயும் ஒன்றைப் பக்கவாட்டிலும் எழுதி, 1970இல் நீடில்மேனும் வுன்ஷும் வெளியிட்ட முறைப்படி கையால் மதிப்பெண் போட்டு நிரப்புங்கள். பிறகு அதையே பைத்தானில் எழுதுங்கள். அப்புறம், வரிசை லட்சம் எழுத்து நீளமாக இருந்தால் இந்தக் கட்டம் எவ்வளவு பெரிதாகும் என்று யோசியுங்கள். அந்த யோசனையிலிருந்துதான் 1990இல் பிளாஸ்ட் மாதிரியான குறுக்குவழிகள் வந்தன. கட்டத்தை நிரப்பும்போது கை வலித்தாலும் மனம் ஒட்டிக்கொண்டால், அல்காரிதம் பக்கம் போங்கள். கணினி அறிவியலிலிருந்து வருகிறவர்களுக்கு இது பழகின நிலம்.

ஒப்பீட்டிலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் பரிணாம மரங்கள். 1960களின் தொடக்கத்தில் சுக்கர்கண்டலும் லைனஸ் பாலிங்கும் பல விலங்குகளின் ஹீமோகுளோபினை ஒப்பிட்டு, வேறுபாடுகளின் எண்ணிக்கையை வைத்துக் காலத்தைக் கணிக்கலாம் என்றார்கள். இன்று அதே தர்க்கத்தை வைத்து ஒரு வைரஸ் எந்த மாதம் எந்த நாட்டிலிருந்து பரவியது என்று பார்க்கிறார்கள். கொரோனா வைரஸின் ஜீனோம் சுமார் 30,000 எழுத்துதான். லேப்டாப்பிலேயே மரம் வரையலாம். மாஃப்ட், ஐக்யூ-ட்ரீ என்ற இரண்டு கருவிகள் தொடங்கப் போதும்.

மூன்றாம் படி: ஒரு ஆளிலிருந்து ஒரு ஊருக்கு

இது இந்தியாவில் இருக்கிற ஒருவருக்கு நிறைய வேலை காத்திருக்கும் பிரிவு. அதனால் இங்கே கொஞ்சம் அதிகம் நிற்கிறேன்.

ஒப்பிடுவதற்குப் பொது அளவுகோலாக வைத்திருக்கும் மேற்கோள் ஜீனோமுக்கும் நமக்கும் இடையே நம் ஒவ்வொருவருக்கும் நாற்பது ஐம்பது லட்சம் இடங்களில் வித்தியாசம் இருக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. எது நோய் தரும், எது சும்மா இருக்கும் என்று பிரிப்பது மாறுபாட்டு ஆய்வு. சிக்கிள் செல் மாற்றத்துக்கு ஆர்எஸ்334 என்று ஓர் அடையாள எண் உண்டு. அதைக் கிளின்வார் டேட்டாபேஸில் தேடுங்கள், நோய்க்குக் காரணம் என்று இருக்கும். அடுத்து நோமேட் தளத்தில் தேடி, மக்கள் குழுவாரியாக அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று பாருங்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் நிறைய. தெற்காசியர் என்ற தலைப்பின்கீழ் மிகக் குறைவு.

அந்தத் தெற்காசிய எண்ணைப் பார்த்துவிட்டு நம் ஊரில் இந்தப் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டினால் தப்பாகப் போகும். 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் தன்மை இருப்பதைப் பதிவு செய்தார்கள்; இந்தியாவில் இது கண்டறியப்பட்டது அப்போதுதான். பிறகு ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, குஜராத் என்று பழங்குடிகள் வாழும் பகுதிகளில் பரவலாகத் தெரியவந்தது. 2023இல் மத்திய அரசு இதை ஒழிப்பதற்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. சர்வதேச டேட்டாபேஸில் தெற்காசியர் என்று இருக்கும் மாதிரிகளில் இருளரும் குறும்பரும் எத்தனை பேர் இருப்பார்கள்? சராசரி எண் யாருடைய சராசரி என்று கேட்கத் தெரிந்தவர்தான் இந்தப் பிரிவுக்கு வேண்டும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். மாற்றம் ஒன்றாக இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள டிஎன்ஏ எழுத்துகளின் கோவை ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. பெனின், செனகல் என்று ஆப்பிரிக்க இடப்பெயர்களால் சிலவற்றை அழைக்கிறார்கள். இந்தியாவிலும் அரேபியத் தீபகற்பத்தின் கிழக்கிலும் காணப்படுவது அரபு-இந்திய வகை. இந்த வகை உள்ளவர்களிடம் கருக்கால ஹீமோகுளோபின் சற்று அதிகமாக நீடிக்கிறது, பொதுவாக நோயின் கடுமையும் குறைகிறது. பொதுவாகத்தான், எல்லாருக்கும் அல்ல. மத்திய இந்தியாவில் கடுமையாகப் பாதிக்கப்படுகிறவர்களும் நிறையப் பேர். ஏன் இந்த வேறுபாடு என்பதில் இன்னும் ஆராய்ச்சி மீதமிருக்கிறது.

நோய் தரும் மாற்றம் ஏன் மக்களிடையே அழியாமல் நிற்கிறது என்ற கேள்விக்கு 1954இல் ஆண்டனி ஆலிசன் பதில் தந்தார். மாறிய ஜீனின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. மக்கள்தொகை மரபியல் என்ற பிரிவு இந்த மாதிரித் தேர்வின் தடத்தை ஜீனோமில் தேடுகிறது. கணிதமும் புள்ளியியலும் பிடித்தவர்களுக்கு நல்ல இடம்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்? டிஎன்ஏவைத் துண்டு துண்டாக வாசிக்கும் சீக்வென்சிங் இயந்திரத்திலிருந்து ஃபாஸ்ட்க்யூ என்ற கோப்பு வரும். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரி: பெயர், எழுத்துகள், ஒரு கூட்டல் குறி, ஒவ்வொரு எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்ற தரக்குறி. இந்தத் துண்டுகளை மேற்கோள் ஜீனோமில் பொருத்தி, வித்தியாசங்களை எடுத்து, விசிஎஃப் என்ற கோப்பாக்க வேண்டும். பிடபிள்யூஏ, சாம்டூல்ஸ், ஜிஏடிகே என்ற கருவிகளின் பெயர்கள் தினமும் காதில் விழும். ஒரு ஆளின் முழு ஜீனோமே நூறு ஜிபி அளவுக்கு வந்து நிற்கும் என்பதால் இதை லேப்டாப்பில் முழுதாகச் செய்ய முயலாதீர்கள். பதினோராவது குரோமோசோமில் ஹெச்பிபி இருக்கும் சின்னப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பழகுங்கள். கேலக்ஸி என்ற தளத்தில் உலாவியிலிருந்தே இந்த வேலைகளை ஓட்டலாம், பயிற்சிப் பாடங்களும் அங்கேயே இருக்கின்றன.

ஜீனோம் இந்தியா திட்டம் சேகரித்த 10,000 பேரின் டேட்டா ஃபரிதாபாத்தில் இருக்கும் இந்திய உயிரியல் டேட்டா மையத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பித்துத்தான் பெற முடியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். சின்னப் பழங்குடிச் சமூகத்தில் பெயரை அழித்துவிட்டாலும் ஆளை அடையாளம் காண்பது கடினமில்லை. ஒப்புதல், டேட்டா பாதுகாப்பு இவற்றை வெறும் காகித வேலை என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து வேறு பிரிவு பார்க்கலாம்.

நான்காம் படி: எப்போது, எங்கே பேசுகிறது?

ஒவ்வொரு செல்லிலும் அதே டிஎன்ஏ இருந்தாலும் எல்லா ஜீனும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. எந்த உறுப்பில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஜீடெக்ஸ் தளத்தில் ஹெச்பிபி-யைத் தேடுங்கள். ரத்தத்தில் பட்டை உயர்ந்து நிற்கும், மற்ற உறுப்புகளில் தரையோடு தரையாகக் கிடக்கும். கருவிலிருக்கும் குழந்தை பீட்டாவுக்குப் பதில் காமா குளோபினைத்தான் அதிகம் பயன்படுத்துகிறது. பிறந்து சில மாதங்களில் காமா அணைந்து பீட்டா ஏறுகிறது. சிக்கிள் செல் குழந்தைகள் பிறந்தவுடன் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு நோய்வாய்ப்படுவது இதனால்தான்.

காமாவை அணைப்பது யார்? 2007, 2008இல் ஆயிரக்கணக்கானோரின் ஜீனோமை அலசிய ஆய்வுகள் பிசிஎல்11ஏ என்ற ஜீனைச் சுட்டிக்காட்டின. அந்தப் புள்ளியியல் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், சிவப்பணுக்களாக வளரும் செல்களில் மட்டும் அந்த ஜீனை இயக்கும் ஒரு டிஎன்ஏ துண்டைக் கண்டுபிடித்தார்கள். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லில் அந்தத் துண்டை கிரிஸ்பர் என்ற ஜீன் திருத்தக் கத்தரிக்கோலால் வெட்டினால் காமா மீண்டும் எழுகிறது. காஸ்ஜெவி என்ற அந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது, அது வேறு கதை. புரதம் எதையும் உருவாக்காத டிஎன்ஏ பகுதியை ஏன் படிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஜீன்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளக்கும் இந்தப் பிரிவில் நுழைய ஆர் என்ற நிரல் மொழியும் புள்ளியியலும் தேவை. ஜியோ டேட்டாபேஸில் யாரோ எப்போதோ செய்த ஆர்என்ஏ பரிசோதனையின் எண்ணிக்கை அட்டவணையை (எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்தது என்ற கணக்கு) எடுத்து, டெசெக்2 என்ற ஆர் கருவியை வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்த மாதிரியாக இருந்தால் ஒரு வேடிக்கை: மொத்த தூது ஆர்என்ஏவில் பாதிக்கும் மேல் குளோபினுடையதாகவே இருக்கும். மற்ற ஜீன்களின் குரல் கேட்காது. அதனால் பல ஆய்வகங்கள் குளோபினை முதலிலேயே வேதியியல் முறையில் நீக்கிவிடுகின்றன. ஒரு குழு நீக்கியும் இன்னொரு குழு நீக்காமலும் இருந்தால் நீங்கள் காணும் "கண்டுபிடிப்பு" அந்த வித்தியாசமாகத்தான் இருக்கும். அட்டவணையை எடுப்பதற்கு முன் மாதிரியை எப்படித் தயாரித்தார்கள் என்று வாசியுங்கள். ஒரு செல்லைத் தனியாகப் பிரித்து அளக்கும் முறைதான் இப்போது சூடாக இருக்கிறது. ஆனால் முதலில் மொத்தத் திசு டேட்டாவில் கை பழகட்டும்.

ஐந்தாம் படி: வடிவத்தைத் திருப்பிப் பாருங்கள்

புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிடிபி தளத்தில் 4ஹெச்ஹெச்பி என்ற பதிவைத் திறங்கள். ஆக்சிஜன் இல்லாத நிலையில் மனித ஹீமோகுளோபின். சுட்டியால் பிடித்துச் சுழற்றலாம். சங்கிலிகள் எல்லாம் சுருள் சுருளாக இருக்கும். இப்போது 2ஹெச்பிஎஸ் பதிவைத் திறங்கள், இது சிக்கிள் ஹீமோகுளோபின். கைமெரா-எக்ஸ் மென்பொருளில் இரண்டின் பீட்டா சங்கிலிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

பிறகு நோய் எங்கே? ஆறாவது இடத்து வேலின் புரதத்தின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை விரும்பாத அது, பக்கத்து ஹீமோகுளோபினில் 85ஆவது ஃபினைல்அலனினும் 88ஆவது லியூசினும் சேர்ந்த குழியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது இன்னொன்றில், அது மற்றொன்றில் என்று நீண்ட இழையாகி அணுவையே வளைத்துவிடுகிறது. 2ஹெச்பிஎஸ் பதிவில் அந்த ஒட்டும் இடத்தையே பெரிதாக்கிப் பார்க்கலாம். தனிச் சங்கிலியின் வடிவத்தை மட்டும் கணித்தால் இது பிடிபடாது. புரத வடிவத்தைக் கணிக்கும் ஏஐ கருவியான ஆல்ஃபாஃபோல்டில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டு, வடிவம் மாறவில்லை, ஆகவே பாதிப்பில்லை என்று எழுதும் மாணவர் திட்ட அறிக்கைகளை நிறையப் பார்க்கிறேன். ஹெச்பிபி-யே அதற்கு மறுப்பு.

ஆல்ஃபாஃபோல்டைக் குறைத்துச் சொல்லவில்லை. 2020இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபிறகு இந்தப் பிரிவே புரண்டு படுத்தது. இருபது கோடிக்கும் மேற்பட்ட கணிப்பு வடிவங்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன, 2024 வேதியியல் நோபல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர், டேவிட் பேக்கர் மூவருக்கும் போனது. ஆனால் கணித்த வடிவம் நம்பத்தக்கதா என்று பார்க்கும் அடிப்படைச் சோதனைகளில் ஒன்று சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம் அது. புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலமும் இரண்டு கோணங்களில் திரும்ப முடியும். அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாத கோணங்கள் எவை என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 4ஹெச்ஹெச்பி-க்கு அந்த வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். புள்ளிகள் பெரும்பாலும் ஆல்ஃபா சுருளுக்குரிய ஒரே மூலையில் குவியும். விலகி நிற்கும் புள்ளிகளில் எத்தனை கிளைசின் என்று எண்ணுங்கள். கிளைசினுக்கு ஏன் அந்தச் சுதந்திரம் என்று விடை கண்டுபிடிக்கத் தோன்றினால் நீங்கள் வடிவவியல் ஆள்.

ஆறாம் படி: மற்ற வாசல்கள்

மருந்து வடிவமைப்புக்குத்தான் கூட்டம் அதிகம். டாக்கிங், அதாவது ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படி ஒட்டும் என்று கணினியில் கணிப்பது, எளிது என்பதால் கல்லூரிப் புராஜெக்ட் என்றாலே ஒரு மூலிகை, ஒரு புரதம், ஒரு மதிப்பெண் என்று ஆகிவிட்டது. ஆட்டோடாக் வினா மாதிரி டாக்கிங் கருவி எதைக் கொடுத்தாலும் ஒரு மதிப்பெண் தரும். அந்த மதிப்பெண்ணால் மட்டும் ஒன்றும் நிரூபணமாகாது. சிக்கிள் செல் நோய்க்கான வாக்செலோட்டார் என்ற மருந்து ஹீமோகுளோபினோடு சரியாகவே போய் ஒட்டியது, ஆய்வுகளில் ஹீமோகுளோபின் அளவையும் கூட்டியது, 2019இல் அமெரிக்காவில் அனுமதியும் வாங்கியது. 2024இல் நோயாளிகளுக்கான ஆபத்தைவிடப் பலன் மேலாக இல்லை என்று உற்பத்தி நிறுவனமே திரும்பப் பெற்றது. இந்தப் பிரிவுக்கு வருவதானால் வேதியியலோடு வாருங்கள்.

சிஸ்டம்ஸ் பயாலஜி செல்லை ஒரு வேதிவினை வலைப்பின்னலாகப் பார்க்கிறது. சிவப்பணுவுக்கு நியூக்ளியஸும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆகவே கணித மாதிரி கட்டிப் பழக அதைவிட எளிய மனித செல் கிடைக்காது. வகைக்கெழுச் சமன்பாடு பயமுறுத்தவில்லை என்றால் முயன்று பாருங்கள். மலேரியா ஒட்டுண்ணியின் ஜீனோம், குடல் பாக்டீரியாக் கூட்டம், நுண்ணோக்கிப் படங்களிலிருந்து அரிவாள் வடிவ அணுக்களை எண்ணுவது என்று வேறு கதவுகளும் உண்டு. எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: இனி என்ன படிப்பது, யாரிடம் போவது

மேலே சொன்னவற்றை அவசரமில்லாமல் செய்து முடித்தால் உங்களுக்கே ஒரு சாய்வு தெரியும். அதற்குப் பிறகு கருவிகளைக் கற்கத் தொடங்குங்கள், முன்னால் வேண்டாம். எந்தப் பிரிவானாலும் லினக்ஸ் கட்டளைகளும் பைத்தான் அல்லது ஆர் மொழியும் வேண்டும். ரோசலிண்ட் என்ற தளத்தில் டிஎன்ஏ எழுத்துகளை எண்ணுவதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் கணக்குகள் இருக்கின்றன. பைத்தான் பழக அருமையான இடம். உயிரியல் படித்து வந்தவர்கள் புள்ளியியலையும், பொறியியல் படித்து வந்தவர்கள் செல் உயிரியலையும் தள்ளிப்போடுகிறார்கள். எதைத் தள்ளிப்போடுகிறீர்களோ அதில் முதலில் கை வையுங்கள்.

படிப்பு என்றால் பாரதியார், அழகப்பா, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே துறைகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குச் சென்னையில் ஐஐடியும் கணித அறிவியல் நிறுவனமும், பெங்களூரில் ஐஐஎஸ்சியும் என்சிபிஎஸும், டெல்லியில் ஐஜிஐபியும் உண்டு. முதுகலைக்கு உயிரித்தொழில்நுட்ப நுழைவுத் தேர்வான கேட்-பி, பிஎச்டிக்குப் பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் அல்லது சிஎஸ்ஐஆர் நெட் மாதிரித் தேர்வுகள் கேட்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள். தேடும்போது பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்று மட்டும் தேடாமல் கம்ப்யூட்டேஷனல் பயாலஜி என்றும் தேடுங்கள். ஒரே வேலையை இரண்டு பெயரிலும் விளம்பரம் செய்கிறார்கள்.

பேராசிரியருக்கு எழுதும்போது, உங்கள் ஆய்வில் ஆர்வம் என்று பொதுவாக எழுதினால் படிக்க மாட்டார்கள். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் டேட்டா பொதுவெளியில் இருந்தால் இறக்கி, ஒரே ஒரு படத்தை நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள். கோடைப் பயிற்சி கேட்கும் மின்னஞ்சலில் அந்தப் படத்தையும், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்ட நிரலின் இணைப்பையும், எந்த இடத்தில் உங்கள் விடை கட்டுரையிலிருந்து விலகியது என்ற ஒரு வரிக் கேள்வியையும் சேருங்கள். பத்து வரிக்குமேல் வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்புறமும் இல்லையென்றால் அடுத்த ஆய்வகத்தின் கட்டுரையை எடுங்கள்.